ஐந்து வருஷம் எனக்குப் பத்து வயசு

என் உயரம் நான்கடி ஐந்தங்குலம். பன்னிரண்டு வயதில் அந்த அளவுக்கு வந்தேன். அதற்கு மேல் வளரவில்லை. முகமும் குரலும்கூட அங்கேயே நின்றுவிட்டன. டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை, வளர்த்தி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போகிற நாட்களில் டவுன் பஸ் கண்டக்டர் "பாப்பா, எந்த ஸ்கூலு?" என்று கேட்பார். அடையாள அட்டையை நீட்டினால் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "அக்காவுதா?" என்பார்.

அப்பா ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே துணி தைத்தார். கடையில் சிறுமிகளுக்கான துணிதான் எனக்குச் சரியாக இருக்கும், அதில் பொம்மைப் படம் போட்டிருக்கும். அதனால் என் துணி எல்லாம் அம்மா தைத்ததுதான்.

படிப்பு முடித்ததும் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருந்த ஒரு கேபிள் சேனலில் செய்தி வாசிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். முதல் நாள் ஒரு விபத்துச் செய்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். நாலு வரி வாசிப்பதற்குள் சேனல் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம்மா. சின்னப் புள்ள வந்து சாவு சேதி சொல்ற மாதிரி இருக்குது. கேக்கறவனுக்கு வயித்தக் கலக்கும்."

வேலையை விட்டு அனுப்பவில்லை. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியை என்னிடம் கொடுத்தார். குழந்தைகளின் போட்டோவை வீட்டிலிருந்து அனுப்புவார்கள். நான் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி வாழ்த்துவேன். அது ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவேன்.

சென்னையில் குழந்தைகள் சேனல் ஒன்றில் வேலை பார்த்த இயக்குநருக்கு மாமியார் வீடு கடலூர். பொங்கலுக்கு வந்தவர் என் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். நம்பர் வாங்கிப் போன் செய்தார்.

"உனக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திமூணு சார்."

பிறந்த வருஷத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டார். பிறகு, "நெஜமாவா?" என்றார். லாட்டரி விழுந்தவர் குரல் மாதிரி இருந்தது.

ஏன் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்பது சென்னைக்குப் போன பிறகுதான் புரிந்தது. குழந்தைகளை வைத்து எடுப்பது லேசான காரியமில்லை. அவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும், இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் தூங்கிவிடுவார்கள். போன வாரம் எடுத்த காட்சியில் இருந்த முன்பல் இந்த வாரம் விழுந்திருக்கும். நானோ காலையிலிருந்து ராத்திரி வரை நிற்பேன், வசனத்தை மறக்க மாட்டேன், என் பல் விழாது.

பள்ளிக்கூடத்தை வைத்து எடுத்த தொடர் அது. நான் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. ரெட்டைச் சடையை மடித்து சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பேன். டாக்டராக வேண்டும் என்பது அந்தச் சிறுமியின் ஆசை. தெருவில் எந்தத் தப்பு நடந்தாலும் முன்னால் போய் நின்று கேள்வி கேட்பாள். சேனல்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: என் வயது வெளியே தெரியக் கூடாது. பேட்டி கிடையாது, புடவை கட்டிய போட்டோ கிடையாது.

ஐந்து வருஷம் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தேன். கூட நடித்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போனார்கள். முதல் நாளிலிருந்து என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூன்றாம் வருஷம் என்னைவிட ஒரு தலை உயரமாகிவிட்டாள். அவளுக்குப் பதில் வேறு பெண்ணை எடுத்தார்கள். கடைசி நாள் அவள் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் எப்படி அக்கா இங்கயே இருக்க?" என்று காதில் கேட்டாள். செட்டில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்கள் ஒருவரும் வெளியே சொன்னதில்லை. இடைவேளைகளில் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

லீவில் சிதம்பரம் வரும்போது மேல வீதியில் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "எங்க வீட்டுக்கு வரியா? புது சைக்கிள் வாங்கிருக்கோம்" என்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அப்படிக் கிள்ளியவர்களில் ஒருத்தி என்னோடு கல்லூரியில் படித்தவளின் தங்கை. எனக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஒரு ஊரே என்னைச் செல்லம் கொஞ்சியது. ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கும்போது, கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதை மேக்கப்காரம்மாவுக்கு அடுத்தபடியாகக் கவனித்தவள் நான் மட்டும்தான்.

இருபத்தெட்டு வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கடலூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். நல்ல உயரம். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொன்னார்கள்.

"நான் டிவியே பாக்கறது இல்லீங்க. கேக்கறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வேலையில கஷ்டம்னா என்னா?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன்: "மதில் ஏறிக் குதிக்கற சீன் வாரத்துக்கு ஒண்ணு வெப்பாங்க. முட்டி வலிக்குது."

அவர் சிரிக்கவில்லை. எந்த முட்டி என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு இயக்குநர் தடை சொல்லவில்லை. சத்தமில்லாமல் முடியுங்கள், போட்டோ வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் என் படம் போடவில்லை. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம்.

மாப்பிள்ளையின் நண்பர்களை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மச்சான் கல்யாணத்துக்கு பேனர் வைக்காமல் விட அவர்களுக்கு மனசு வரவில்லை. பெண்ணின் போட்டோ கிடைக்காததால் இன்டர்நெட்டில் தேடி எடுத்திருக்கிறார்கள். மண்டப வாசலில் பதினைந்தடி பேனர் நின்றது. இடது பக்கம் கோட்டு சூட்டில் அவர். வலது பக்கம் ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும், தோளில் புத்தகப் பையுமாக நான். நடுவில் பெரிய எழுத்தில் இருமனம் இணையும் திருமணம்.

மூன்று மணிக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள். நான் மண்டபத்துக்குப் பின்பக்க வழியாக வந்து மாடியறையில் உட்கார்ந்துவிட்டேன், பார்க்கவில்லை. அப்பா பார்த்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் பார்த்ததால், பெண் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

ஏழு மணிக்கு மேடையில் நின்றுகொண்டிருந்தோம். ஜீப் ஒன்று வந்து நின்றது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மாவும், அவரோடு ஒரு பெண் போலீசும் உள்ளே வந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். அதிகாரியம்மா நேராக அப்பாவிடம் போனார்.

"பொண்ணோட அப்பா நீங்கதானா? பொண்ணுக்கு என்னா வயசு?"

"இருவத்தெட்டு முடியுதுங்க."

"வெளிய பேனர்ல இருக்கற பொண்ணத்தான் கேக்கறேன்."

"அதாங்க இது."

அதிகாரியம்மா மேடையில் என்னைப் பார்த்தார். பட்டுப் புடவை, நகை எல்லாம் போட்டிருந்தாலும் பார்ப்பவருக்கு நான் வேஷம் கட்டிய குழந்தையாகத்தான் தெரிந்திருப்பேன். மேலே வந்து என் முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"பயப்படாதம்மா. உனக்கு இஷ்டமில்லாம யாராச்சும் பண்றாங்களா? எங்கிட்ட சொல்லு."

"இல்லீங்க மேடம். எனக்கு இருபத்தெட்டு வயசு" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பின்னால் திரும்பி, "சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று அந்த போலீஸ்காரம்மாவிடம் சொன்னார்.

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் கல்லூரிச் சான்றிதழையும் கொண்டுவந்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. வந்திருந்தவர்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், "என்னாடா இது, ஸ்டேஷனுக்குப் போவணுமா?" என்று அழ ஆரம்பித்தார். என் பக்கத்தில் நின்றவர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "முட்டி வலிக்கும், உக்காருங்க" என்றார்.

சான்றிதழ்களை இரண்டு முறை படித்த பிறகு அதிகாரியம்மாவின் தோள் இறங்கியது. சிரித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. அவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பா பிடித்துக்கொண்டார்.

இலையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சின்னப் பொண்ணு, பத்து வயசு இருக்கும். பஸ்ஸுல போவும்போது பேனரப் பாத்திருக்குது. வூட்டுக்குப் போயி ஒரே அழுக. 'அவ டாக்டராவணும்னு சொன்னா மேடம், அவள படிக்க வுடச் சொல்லுங்க'ன்னு."

"நம்பர் எப்படித் தெரியும் அதுக்கு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீதான சொல்லிக் குடுத்த? உன் நாடகத்துல வந்துச்சாமே."

வந்தது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சின்ன வயதில் கல்யாணம் நடக்கப் போகிறது என்று ஒரு கதை. குழந்தைகள் உதவி நம்பரைக் கேமராவைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக, விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். ஒரே டேக்கில் முடிந்ததால் இயக்குநர் பாராட்டினார். அதைக் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு பிள்ளை எங்கேயோ இருக்கும் என்று நான் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை.

அதிகாரியம்மா அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்து, விஷயம் ஒன்றுமில்லை என்றார். குழந்தை தூங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். "நீயே ஒரு வார்த்த பேசிடு" என்று அதிகாரியம்மா போனை என்னிடம் கொடுத்தார்.

"உன்ன வுட்டுட்டாங்களா?" என்றது அந்தக் குரல். அழுது அழுது மூக்கடைத்திருந்தது.

"ம், விட்டுட்டாங்க."

"கல்யாணம் நின்னுபோச்சா?"

எனக்குள் என்னென்னவோ ஓடியது. சேனல் நிபந்தனை. அந்த மூக்கடைத்த குரல். நான் பெரியவள் என்று சொன்னால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்ற பயம். வாய் தன் பாட்டுக்குத் தொடரில் பேசுகிற குரலில் பேசியது.

"நின்னுபோச்சு. நீ போன் பண்ணதாலதான். தேங்க்ஸ். நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. பிறகு, "ஹோம்வொர்க் செஞ்சிட்டியா?" என்று கேட்டாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அதிகாரியம்மா மோர் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். என்னை மணக்கப் போகிறவர் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். மாடிப்படியில், "அந்தப் புள்ளகிட்ட நெஜத்தச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் தாலி கட்டினார்.

மூன்றாம் நாள் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. மணக்கோலத்தில் இருந்த படம், அதற்குக் கீழே என் வயது. மண்டபத்தில் அவ்வளவு பேர் செல்போன் வைத்திருந்தார்கள், யாரைக் குறை சொல்வது. இயக்குநர் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"யார் மேலயும் தப்பு இல்லம்மா. ஆனா இனிமே குழந்தைங்க நம்பாது."

தொடரில் அந்தச் சிறுமி ஊட்டிக்கு ஹாஸ்டலில் படிக்கப் போய்விட்டாள் என்று ஒரு வசனம் வைத்தார்கள். அதோடு முடிந்தது.

கடலூரில் புது வீட்டில், காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு எனக்கு ஒன்றும் ஓடாது. யாராவது காலிங்பெல் அடித்தால் தொடரில் பேசுகிற குரலில் "யாரது?" என்பேன். அப்படிப் பேசாமல் இருக்கப் பழக வேண்டியிருந்தது. எது என் சொந்தக் குரல் என்று எனக்கே நிச்சயமில்லை. பகல் முழுக்கப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

இரண்டு மாதம் கழித்து அந்த அதிகாரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உன்னத் தொந்தரவு பண்றேனோ என்னாவோ. அந்தப் பொண்ணு பேப்பரப் பாத்துடுச்சு. பள்ளிக்கூடத்துல நாங்க பேசப் போயிருந்தோம். கூட்டத்துல எழுந்து, 'அந்த நம்பருக்கு யாரும் போன் பண்ணாதீங்க, அவுங்க பொய் சொல்லுவாங்க'ன்னு சொல்லிட்டுது. எனக்கு மனசே சரியில்லம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, நானும் கணவருமாகக் கீரப்பாளையம் போனோம். வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு. நாற்று நடவு நேரம், வழியெல்லாம் சேறு. அம்மா எங்களுக்கு டீ போட்டார். கணவர் வெளியிலேயே நின்றுகொண்டார். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, என் பக்கத்தில் நின்று, உள்ளங்கையைத் தன் தலையில் வைத்து என் பக்கமாக நகர்த்தினாள். கை என் நெற்றியில் இடித்தது.

"நெஜமாவே உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அழுதியா?"

"இல்ல. எனக்கு அவரப் புடிச்சிருந்துது."

"அப்ப நீ பெரியவ."

"ஆமா. உங்க அம்மா வயசு இருக்கும்."

அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பெரியவளா இருந்துக்கிட்டு எதுக்கு சின்னப் புள்ள மாதிரி பேசுன?"

"அது என் வேல. நடிக்கறது."

"போன்ல பேசுனதும் வேலையா?"

பத்து வயதுப் பெண்ணுக்கு முன்னால் எனக்குத் தலை குனிந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இல்ல. அது பயம். நீ அழுவியேன்னு பயந்தேன், என் வேல போயிடும்னும் பயந்தேன். நீ கேட்டதுக்கு நான் நெஜத்தச் சொல்லியிருக்கணும்."

அவள் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "நான் போன் பண்ணது தப்பா?"

"துளியும் தப்பு இல்ல. நீ பண்ணதுதான் சரி. எனக்கு நெஜமாவே பத்து வயசா இருந்திருந்தா, நீதான் என்னக் காப்பாத்தியிருப்ப. இனிமேலும் அப்படிப் பாத்தா நீ பண்ணணும். அந்த மேடம் பொய் சொல்லல. சொன்னது நான்தான்."

போட்ட கோட்டை அவள் காலால் அழித்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அதுவரை நீ, வா, போ என்று பேசியவள் 'ங்க' போட்டுவிட்டாள். அந்த இரண்டு எழுத்தில் அவள் என்னைத் தன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பெரியவர்கள் பக்கம் வைத்துவிட்டாள். ஆட்டுக்குத் தழை போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன். கணவர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்துக்குப் போய் பழைய முதலாளியைப் பார்த்தேன். குழந்தைகளோடு நேரடியாகப் போனில் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று நடத்துகிறேன் என்றேன். அவர் என் புடவையைப் பார்த்து, "ரிப்பன் கட்டிப்பியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். என் வயதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன் என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் கொடுத்தார்.

முதல் நாள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்றாவதாகப் பேசிய பெண், "பழையபடி பேசிக் காட்டுங்க" என்றாள். "அந்தக் குரல வெச்சு உங்கள ஏமாத்த இனிமே எனக்கு இஷ்டமில்ல" என்று சொன்னேன். அவள் டொக்கென்று வைத்துவிட்டாள். முதல் மாதம் அப்படித்தான் போனது. குழந்தைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த வசனத்திலேயே ஐந்து வருஷம் இருந்தவள். அவர்கள் யோசிக்கிற இடைவெளியில் நான் பேசிவிடுவேன். நிகழ்ச்சியைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டபோதுதான் அது தெரிந்தது. அதன்பின் மேஜைக்குக் கீழே ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் வந்தார்கள். பல் விழுந்த சேதி, நாய் குட்டி போட்ட சேதி, டீச்சர் மாறிப் போன சேதி எல்லாம் வந்தது. துபாயிலிருக்கும் அத்தாவுக்குக் கேட்குமா என்று ஒரு பையன் கேட்டுவிட்டு, கேட்காது என்று சொன்ன பிறகும் அவருக்கு ஸலாம் சொன்னான்.

மூன்றாம் வருஷம் சென்னை சேனலிலிருந்து அதே இயக்குநர் கூப்பிட்டார். தொகுப்பாளராக நாலு வருஷம் அங்கே இருந்தேன். மகள் பிறந்ததும் கடலூருக்கே திரும்பிவிட்டேன். கேபிள் சேனல் இப்போது பெரும்பாலும் செல்போனில்தான் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என் நிகழ்ச்சி வருகிறது. கீரப்பாளையத்துச் சிறுமி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவள் இப்போது நர்சிங் படிப்பதாக அந்த அதிகாரியம்மா சொன்னார். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். வழியில் பார்த்தால் நின்று பேசுவார்.

போன மாதம் காடாம்புலியூரிலிருந்து ஒரு சின்னப் பெண் பேசினாள். ஒன்றாம் வகுப்பு. வீட்டுப் பலாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை வந்தாள். உள்ளேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு போனை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். கட் செய்யவில்லை. நேரடி ஒளிபரப்பு. கேமரா பிடிப்பவர் என்னைப் பார்த்தார். அடுத்த அழைப்புக்குப் போகலாமா என்று சைகை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். போனில் தட்டு வைக்கிற சத்தம் வந்தது. கோழி ஒன்று கத்தியது. "ரசம் ஊத்தட்டா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "ஜாஸ்தி ஊத்தாத" என்றது அந்தக் குழந்தை. நானும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.